கார் கதவு லாக்கை இரண்டே பாகத்தில் முடித்துவிட முடியாதா?

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: பழைய கார் கதவு லாக் ஒன்றைப் பிரித்தீர்கள், உள்ளிருந்து இருபதுக்கும் மேல் சாமான்கள் வந்து விழுந்தன. வீட்டுக் கதவில் இருப்பதுபோல ஸ்பிரிங் வைத்த நாக்கு ஒன்று, எதிரே ஓட்டை போட்ட பிளேட் ஒன்று, இவ்வளவு போதாதா என்கிறீர்கள். எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் மெக்கானிக்கல் கடைசி வருடம், புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. இதையே 2009ல் நானும் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் பாகங்களைக் குறைத்து ஒரு லாக் வரைந்தும் கொடுத்தேன். அந்த லாக்கால் ஒரு பையனுக்குக் கை முறிந்தது.

முதலில் உங்கள் வீட்டுக் கதவு யோசனை. 1950கள் வரை ஓடிய பல கார்களில் கிட்டத்தட்ட அதுதான் இருந்தது. சாதாரணமாக ஓட்டும்வரை அதில் குறையே தெரியாது. வண்டி எங்காவது மோதினால் பாடி முறுக்கிக்கொள்ளும். கதவுக்கும் அது வந்து சாத்தும் பாடித் தூணுக்கும் நடுவில் உள்ள சந்து நீளவாக்கில் விரியும். நாக்கின் நுனி பிளேட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். கதவு திறந்துகொள்ளும், உள்ளே இருந்தவர் ரோட்டில் விழுவார். சீட் பெல்ட் பரவலாக இல்லாத காலம் அது. இதைப் பார்த்துத்தான் போர்டு 1956 மாடல் கார்களில் இரட்டைப் பிடி லாட்ச் வைத்தார்கள். மெர்சிடிஸ் 1959ல் ஆப்பு வடிவ முளை கொண்ட லாக்கைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் கதவு லாக்குக்கென்றே தனிப் பாதுகாப்பு விதி அமலுக்கு வந்தது. இன்று உலக அளவில் ஏற்கப்பட்டிருக்கும் விதிப்படி, முழுதாகப் பூட்டிய லாக்கை நீளவாக்கில் சுமார் 11,000 நியூட்டன் விசையோடு இழுத்தாலும் விடக்கூடாது. ஆயிரத்து நூறு கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. ஸ்பிரிங் நாக்கு இந்தச் சோதனையில் நிற்காது.

இப்போதைய லாக்கில் தூணில் இருப்பது ‘ப’ வடிவில் வளைத்த தடித்த கம்பி, ஸ்ட்ரைக்கர். கதவில் இருப்பது வாய் பிளந்த ஒரு சுழலும் தட்டு. அதைப் பட்டறையில் கிளா என்போம். கதவைச் சாத்தும்போது கம்பி கிளாவின் வாய்க்குள் போய் அதைச் சுழற்றுகிறது, கிளா கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. எந்தப் பக்கம் இழுத்தாலும் உருவ முடியாது. கிளா திரும்பிச் சுழலாமல் அதன் பல்லில் இன்னொரு துண்டு வந்து விழும். பட்டறையில் அதற்குப் பால் (pawl) என்று பெயர். எழுத்தில் படித்தால் குழம்பும், எனவே இங்கே தடுப்பு என்றே சொல்கிறேன். கிளாவில் பல் இரண்டு. முதல் பல்லில் தடுப்பு விழுந்தால் அரை லாக், இரண்டாவதில் விழுந்தால் முழு லாக். ஹேண்டிலை இழுத்தால் தடுப்பு தூக்கிக்கொள்ளும், கிளா சுழன்று கம்பியை விடும்.

ஆக, பிடித்து வைக்கும் வேலைக்கு உண்மையில் இரண்டே பாகம்தான். நீங்கள் கேட்டது ஏற்கனவே அங்கே இருக்கிறது. மீதி அத்தனையும் வெளி ஹேண்டில், உள் ஹேண்டில், சாவி, லாக் குமிழ், குழந்தை லாக் இவற்றையெல்லாம் அந்தத் தடுப்போடு இணைப்பதற்கான லீவர்களும் ஸ்பிரிங்குகளும்.

இனி என் கதை.

அம்பத்தூரில் ஒரு சிறிய கம்பெனி, பெயர் வேண்டாம். மூன்று சக்கரச் சரக்கு வண்டியின் கேபின் கதவுக்கு லாக் செய்துகொடுக்கும் ஆர்டர் வந்தது. ஏற்கனவே இருந்த லாக்கில் ரிவெட், ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து 21 பாகம். விலையைக் குறைக்க வேண்டும், கதவு லேசாகச் சாத்த வேண்டும் என்றார்கள். டிராயிங் போர்டில் நான்தான் இருந்தேன். கிளாவைப் பார்த்தேன். இரண்டு பல் இருப்பதால்தான் அது இவ்வளவு பெரிதாக இருக்கிறது, அதிகம் சுழல வேண்டியிருக்கிறது, அதனால் உறையும் பெரிதாகிறது என்று பட்டது. ‘கார் விதி இந்த வண்டியைக் கட்டாது, அரை லாக் எதற்கு?’ என்று முதல் பல்லை எடுத்துவிட்டேன். கிளா சிறிதானது, உறை சிறிதானது, கதவு ஒரு தள்ளலில் சாத்திக்கொண்டது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

சோதனை ஓட்டத்துக்காக நான்கு வண்டிகளைக் கோயம்பேடு மார்க்கெட்டில் விட்டோம். அங்கே கதவை யாரும் கவனித்துச் சாத்துவதில்லை. கையில் மூட்டை, இடுப்பால் ஒரு இடி, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் கீல் கொஞ்சம் இறங்கிவிட்டது. கதவோரத்து பீடிங் ரப்பர் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் கதவை மெதுவாகத் தள்ளினால் கிளா முக்கால்வாசி சுழன்று நின்றுவிடும். தடுப்பு பல்லில் விழாமல் கிளாவின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரைக்கரோடு உரசிய உரசலிலேயே கதவு மூடியது மாதிரி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அந்தக் கேபின் டிரைவர் ஒருவர் மட்டும் உட்காருவதற்கு வரைந்தது. கோயம்பேட்டில் எந்த டிரைவரும் தனியாகப் போவதில்லை. மூட்டை இறக்கப் பக்கத்தில் ஒரு பையன் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், முழு உடம்பையும் கதவில் சாய்த்து. பூந்தமல்லி சாலையில் ஒரு திருப்பத்தில் கதவு திறந்துகொண்டது. வண்டி மெதுவாகப் போனதால் கை முறிவோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் அந்த டிரைவர் என்னிடம் கோபப்படவில்லை. “சார், கதவு சாத்தித்தான் சார் இருந்துச்சு, நான் பாத்தேன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது சரி. சாத்தியிருந்த மாதிரிதான் இருந்தது, அப்படி இருக்கும்படி வரைந்தவன் நான்.

அரை லாக்கின் வேலை அதுதான். கதவு சரியாகச் சாத்தாவிட்டாலும் முதல் பல் பிடித்துக்கொள்ளும். விதிப்படி அந்த நிலையிலும் 4,500 நியூட்டனுக்கு நெருங்கிய இழுப்பைத் தாங்க வேண்டும். கூடவே கதவு ஏழெட்டு மில்லி வெளியே துருத்தி நிற்கும், ஆடும், சத்தம் போடும். சாத்தவில்லை என்று ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். நான் பல்லை எடுத்ததில் குறைந்த பாகங்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்பதையும் பாருங்கள். அது அதே தகட்டில் வெட்டிய இன்னொரு வளைவு, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு எளிமையாக்கிவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

‘மூன்று சக்கர வண்டிக் கதையைக் காருக்குப் பொருத்தலாமா’ என்று யாராவது கேட்பீர்கள். கம்பி, கிளா, தடுப்பு இரண்டிலும் ஒன்றுதான். ‘சோதனையிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டாமா’ என்பவர்களுக்கும் சொல்கிறேன்: கதவை 50,000 முறை சாத்தித் திறந்து பார்த்தோம். மெஷின் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் ஒழுங்காகச் சாத்தியது. இடுப்பால் இடிக்கும் சோதனை எங்களிடம் இல்லை.

மறுபடி வரைந்தபோது முதல் பல்லைத் திரும்ப வைத்தேன். புது சாம்பிள்களை இழுத்துப் பார்த்தால் கணக்கில் தாங்க வேண்டியதில் பாதியிலேயே தடுப்பு பக்கவாட்டில் வழுக்கியது. இரண்டு நாள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். தகடு வெட்டும் பிரஸ் மெஷினை ஓட்டும் அண்ணன் ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளி, ஐம்பது வயது இருக்கும். கிளாவையும் தடுப்பையும் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். “சார், வெட்டுன ஓரத்தைப் பாருங்க. பளபளன்னு இருக்கிறது எவ்ளோ, சொரசொரன்னு இருக்கிறது எவ்ளோ?” என்றார். நான்கு மில்லி தகட்டில் மேலே மூன்றில் ஒரு பங்குதான் பளபளப்பு. அதற்குக் கீழே உலோகம் வெட்டுப்படாமல் பிய்ந்து, சரிவாக இறங்கியிருந்தது. பிரஸ்ஸில் வெட்டும் எந்தத் தகட்டுக்கும் இப்படித்தான், வெட்டும் அச்சான டை புதிதாக இருந்தாலும். கிளாவின் பளபளப்பு மேல் பக்கம், தடுப்பின் பளபளப்பு கீழ்ப் பக்கம் என்று அசெம்பிளி ஆகியிருந்ததால் இரண்டும் சரிவுகளில் தொட்டுக்கொண்டிருந்தன. “இதத் திருப்பிப் போட்டு வெட்டுனா ரெண்டு பளபளப்பும் ஒண்ணோட ஒண்ணு உக்காரும் சார்” என்றார். திருப்பி வெட்டினோம். தாங்கியது. அந்த இரண்டு பாகங்களை மட்டும் பிறகு ஃபைன் பிளாங்கிங்குக்கு மாற்றினோம். அதில் ஓரம் முழுவதும் வழவழப்பாக வரும், விலை கூடுதல். கூடிய விலையை லீவர் பக்கத்தில் ஈடுகட்டினேன்.

உங்கள் புராஜெக்டுக்கும் அங்கேதான் இடம் இருக்கிறது. உள் ஹேண்டிலுக்கு ஒரு லீவர், வெளி ஹேண்டிலுக்கு ஒரு லீவர் என்று இருந்ததை இரண்டு கை நீட்டிய ஒரே லீவராக்கினேன். கிளாவும் தடுப்பும் சுழலும் பின்களையே உட்பக்கம் மரை போட்டு, கதவில் லாக்கை மாட்டும் ஸ்க்ரூ அதிலேயே ஏறும்படி செய்தேன், தனி நட்டுகள் போயின. வெளி ஹேண்டில் கனமான வார்ப்பாக இருந்தது. மோதலில் அந்தக் கனமே ஹேண்டிலைத் தானாக இழுத்து லாக்கைத் திறந்துவிடலாம். விதியில் இதற்கு ஈர்ப்பு விசையைப் போல் 30 மடங்கு என்ற கணக்கு உண்டு. அதற்காக எதிர் எடை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஹேண்டிலைப் பிளாஸ்டிக்காக்கியதும் எதிர் எடை தேவைப்படவில்லை. 21 பாகம் 14 ஆனது.

ஓரிடத்தில் கை வைக்கவில்லை. கிளாவுக்கு ஒன்று, தடுப்புக்கு ஒன்று என்று இரண்டு ஸ்பிரிங் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஸ்பிரிங்கை மாட்டி இரண்டு வேலையையும் வாங்கலாம், அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். நான் செய்யமாட்டேன். தடுப்பின் ஸ்பிரிங் போனால் தடுப்பைப் பல்லில் அழுத்தி வைக்க ஆளில்லை, கதவு சாத்தவே சாத்தாது, அல்லது சாத்தியது ஓட்டத்தில் திறக்கும். போர்டு 2016ல் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் ஏறக்குறைய 24 லட்சம் கார்களைக் கதவு லாக்குக்காகத் திரும்ப அழைத்தது. காரணம், தடுப்பின் ஸ்பிரிங்கைத் தாங்கிப் பிடிக்கும் சின்னஞ்சிறு காது வெயில் அதிகமுள்ள இடங்களில் விரிசல் விட்டு உடைந்தது. நம் ஊர் வெயிலில் மதியம் நிறுத்தி வைத்த வண்டியின் கதவைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சாவியாலோ குமிழாலோ கதவைப் பூட்டும் முறையிலும் கவனம் வேண்டும். ஹேண்டிலை நகரவிடாமல் தடுப்பது ஒரு முறை, பாகம் குறைவு. ஹேண்டில் இழுபடும், உள்ளே எதையும் தொடாது என்பது இன்னொரு முறை, பாகம் அதிகம். நான் முதல் முறையை வைத்தேன். பூட்டியிருக்கும் ஹேண்டிலை டிரைவர்கள் பலத்தோடு இழுத்ததில் ஆறு மாதத்தில் பதினோரு ஹேண்டில் உடைந்து வந்தன. இரண்டாவது முறைக்கு மாறினேன், 14 பாகம் 16 ஆனது. அந்த இரண்டுக்காக நான் வருத்தப்படவில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிராயிங்கின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கட்டம் இருக்கும். கதவு திறந்தபோது விசாரணைக்குக் கூப்பிட்டது வரைந்தவரை மட்டும். நான் டிப்ளமோ, மற்ற இருவரும் பி.இ. அடுத்த வருடம் அதே லாக்குக்கு செலவுக் குறைப்பு விருது கொடுத்தபோது மேடை ஏறியது அந்த இருவர். இதைக்கூட விட்டுவிடலாம். ஓரத்தைப் பார்த்துச் சொன்ன அந்த அண்ணனுக்காக யோசனைப் பரிசு படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். ஊழியர் எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பதினெட்டு வருடம் அதே பிரஸ்ஸில் நின்றவருக்கு ஊழியர் எண் இல்லை. இன்றும் எனக்கு ஆறவில்லை.

புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய லாக் வாங்குங்கள், பிரிக்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவரை ஸ்ட்ரைக்கர் மாதிரி கிளாவின் வாயில் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். ஒரு ‘டிக்’ கேட்டதும் நிறுத்தி இழுத்துப் பாருங்கள், விடாது. அதுதான் நான் எடுத்த பல். இன்னும் தள்ளினால் இரண்டாவது ‘டிக்’. உங்கள் வீட்டுக் காரிலேயே கதவைத் திறந்து வைத்துக்கொண்டும் இதைச் செய்யலாம். செய்து முடித்ததும் ஹேண்டிலை இழுத்து கிளாவைத் திறந்துவிடுங்கள். பூட்டிய கிளாவோடு கதவைச் சாத்தினால் ஸ்ட்ரைக்கரில் இடித்து இரண்டும் கெட்டுவிடும்.