கேட்டலினா: புழல் ஏரி முதல் ஐஸ்லாந்து வரை – கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய கேட்டலினா விமானம் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து படைகளில் எப்படிப் பணியாற்றியது என்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

மதுரை வாசகர்: ஐயா, கேட்டலினாவைச் சிலர் பறக்கும் படகு என்கிறார்கள், சிலர் நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானம் என்கிறார்கள். எது சரி?

இரண்டு வகையும் உண்டு. 1935 மார்ச் 28 அன்று முதன்முதலில் பறந்தது சக்கரமே இல்லாத பறக்கும் படகு. வடிவமைத்தவர் கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் ஐசக் லாடன். அதைக் கரையேற்ற வேண்டுமானால் ஆட்கள் தண்ணீரில் இறங்கி, தனியாக வைத்திருக்கும் கரையேற்றுச் சக்கரங்களை அடிப்பாகத்தில் மாட்ட வேண்டும். பிறகு சாய்தளத்தின் வழியாக டிராக்டர் வைத்து மேலே இழுப்பார்கள். உள்ளே மடங்கும் சக்கரங்களோடு வந்த பி.பி.ஒய்.-5ஏ வகையின் முன்மாதிரி 1939 நவம்பரில் பறந்தது. அதுதான் உண்மையில் நீர்-நில விமானம்.

எந்த நாடு எதை வாங்கியது என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சக்கரம், அதை மடக்கும் ஹைட்ராலிக் அமைப்பு, கதவுகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன் எடை கூடுகிறது. ஒரு டன் என்றால் சுமார் 1,400 லிட்டர் பெட்ரோல். சிக்கனமாகப் பறக்கும்போது இரண்டு இன்ஜினும் சேர்ந்து மணிக்கு 300 லிட்டர் வரை குடிக்கும். ஆக, சக்கரம் வேண்டும் என்றால் நாலரை மணி நேரப் பறப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தியப் பெருங்கடலில் தேடப் போகிறவருக்கு அந்த நாலரை மணி நேரம் உயிர். அதனால் பிரிட்டன் பெரும்பாலும் பறக்கும் படகையே எடுத்துக்கொண்டது; கேட்டலினா-3 என்ற சக்கர வகை அவர்களிடம் சிறு எண்ணிக்கையில்தான் இருந்தது. கனடாவின் நிலைமை வேறு. குளிர்காலத்தில் அங்கே துறைமுகமே உறைந்துபோகும், ஓடுபாதை இல்லாமல் முடியாது. அவர்கள் 5ஏ வகையை 'கான்சோ ஏ' என்ற பெயரில் உள்நாட்டிலேயே கட்டினார்கள்.

செங்குன்றம் வாசகர்: எங்கள் ஏரியில் போர் விமானங்கள் இறங்கின என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா சார்?

உண்மைதான். பிரிட்டிஷ் விமானப்படையின் ஆவணங்களில் 'ரெட் ஹில்ஸ் லேக்' என்று வருவது உங்கள் புழல் ஏரி. 240ஆவது படைப்பிரிவு 1942 முதல் 1945 வரை கேட்டலினாக்களோடு அங்கே இருந்தது. 1944 மார்ச்சில் 628ஆவது படைப்பிரிவும் அங்கேயே உருவாகி, அதே ஆண்டில் கலைக்கப்பட்டது. கப்பல் அணிகளுக்குத் துணையாகப் போவது, நீர்மூழ்கித் தேடல், வங்காள விரிகுடா ரோந்து ஆகியவை முக்கிய வேலைகள்.

பராமரிப்பவர்களுக்கு நன்னீர் ஏரி பெரிய வரம். உப்புநீரில் மிதக்கும் அலுமினியத்தை ஆணி ஆணியாக அரிப்பு தின்னும். கடலிலிருந்து வந்த விமானத்தை நன்னீரால் கழுவியே ஆக வேண்டும். புழலில் விமானம் இறங்கினாலே பாதி கழுவல் முடிந்துவிடும்.

காலி வாசகர்: அண்ணை, கொக்கலயில இருந்து போன விமானம்தான் இலங்கையைக் காப்பாற்றினது எண்டு சொல்லுறாங்கள். அது எவ்வளவு உண்மை?

நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அளவு தெரியும். கனடாவின் 413ஆவது படைப்பிரிவு ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லண்ட் தீவுகளிலிருந்து இலங்கைக்கு மாற்றப்பட்டது. அதன் தளபதி லியனார்ட் பர்ச்சல், காலிக்கு அருகே இருக்கும் கொக்கல தளத்தில் வந்து இறங்கியது 1942 ஏப்ரல் 2. ஏப்ரல் 4 விடியும் முன்பே ரோந்துக்குக் கிளம்பினார். விமானத்தின் எண் ஏ.ஜே.155, உள்ளே ஒன்பது பேர்.

தேடல் மாலைவரை நீண்டது. திரும்பும் நேரத்தில், நிலாவை அளந்து தங்கள் இடத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று நேவிகேட்டர் கேட்டதால் இன்னும் ஒரு சுற்றுப் போனார்கள். அப்போதுதான் தென்விளிம்பில் கப்பல்கள் தெரிந்தன. இலங்கைக்குத் தெற்கே ஏறக்குறைய 350 கடல்மைல் தொலைவில், ஐந்து விமானந்தாங்கிகளோடு ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை வந்துகொண்டிருந்தது. எத்தனை கப்பல், எந்தத் திசை, என்ன வேகம் என்று அடையாளம் காண்பதற்காக பர்ச்சல் நெருங்கிப் போனார். செய்தியை மூன்று முறை அனுப்புவது விதி. மூன்றாவது முறை அனுப்பும்போது ஜீரோ என்ற ஜப்பானியப் போர்விமானங்களின் குண்டு வானொலியை நொறுக்கியது. மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் கேட்டலினாவுக்கு ஜீரோவிடமிருந்து தப்ப வழியே கிடையாது. கடலில் இறக்கினார்கள், மூன்று பேர் இறந்தார்கள், ஆறு பேரை இசோகாசே என்ற நாசகாரிக் கப்பல் பிடித்துக்கொண்டது.

செய்தி சிதைந்துதான் கொழும்புக்கு எட்டியது, ஆனாலும் போதுமானதாக இருந்தது. கிளம்பக்கூடிய கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்ப ஓர் இரவு கிடைத்தது. அந்த ஓர் இரவுதான் அவர்கள் கொடுத்த விலைக்குக் கிடைத்த பலன். அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோதும் இரத்மலானைத் தளத்தின் ஹரிக்கேன் போர்விமானங்கள் தரையில்தான் இருந்தன. அன்றே டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூஸர் போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின.

மட்டக்களப்பு வாசகர் (அதன் தொடர்ச்சியாக): பிறகு ஹெர்மிஸ் மூழ்கினபோது கேட்டலினா எதுவும் பார்க்கவில்லையா?

பார்த்தது. ஏப்ரல் 9 காலையில் அதே 413ஐச் சேர்ந்த இன்னொரு கேட்டலினா ஜப்பானியப் படையைக் கண்டு செய்தி அனுப்பத் தொடங்கியது. அது திரும்பவில்லை, அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பர்ச்சலின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செய்த வேலை ஒன்றுதான். அன்று திருகோணமலை தாக்கப்பட்டது, பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் உங்கள் கரைக்கு அப்பால் மூழ்கியது.

கோலாலம்பூர் வாசகர்: ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கொக்கல வரை நிற்காமல் பறந்ததாகப் படித்தேன். இரண்டு இன்ஜின் வைத்துக்கொண்டு எப்படி முடிந்தது?

1943 நடுப்பகுதியில் தொடங்கி 1945 ஜூலை வரை, 271 முறை. பறந்தது பிரிட்டன் கொடுத்த ஐந்து கேட்டலினாக்களில், குவாண்டாஸ் நிறுவனத்தின் ஆட்கள். தூரம் 3,513 கடல்மைல், அதாவது 6,500 கிலோமீட்டர். குறைந்தது 27 மணி நேரம். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். வழியில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள் என்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர்.

இனி எடைக் கணக்கு. பெட்ரோல் 9,040 லிட்டர், ஆறரை டன். புறப்படும்போது மொத்த எடை சுமார் 16 டன். அதாவது எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருள். இதற்கு இடம் பண்ண, பனி நீக்கும் கருவி, உட்புறக் காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே கூடுதல் டாங்கிகளை வைத்தார்கள். மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகள், 69 கிலோ அரசு, ராணுவத் தபால். அவ்வளவே.

ஆபத்து எங்கே என்றால், புறப்பட்ட முதல் பல மணி நேரம். அந்த எடையில் ஓர் இன்ஜின் நின்றால் மற்றொன்றால் உயரத்தைத் தாங்க முடியாது. பெட்ரோலைக் கடலில் கொட்டினால்தான் வானில் தாக்குப்பிடிக்கலாம், கொட்டினால் இலங்கை போய்ச் சேர முடியாது. ஜப்பானியர் ரோந்து வரும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் வகுத்தார்கள். ஆயுதம் கிடையாது. வானொலியில் பேச்சு கிடையாது. நட்சத்திரம் பார்த்துத்தான் வழி. இத்தனைக்கும் ஒரு பயணியைக்கூட இழக்கவில்லை. போர் முடிந்ததும் அமெரிக்காவின் குத்தகை உதவி (லெண்ட்-லீஸ்) ஒப்பந்தத்தின்படி அந்த விமானங்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

கோவை வாசகர்: நீர்மூழ்கியை எப்படித் தாக்குவார்கள்? மெதுவாகப் போகிற விமானத்துக்கு அது முடியுமா?

முடியும், ஆனால் நேராகத் துப்பாக்கிக்கு முன்னால் பறக்க வேண்டும். 50 அடி உயரம், நீர்மூழ்கியின் மேலே குறுக்காகக் கடக்கும் பாதை, இறக்கைக்கு அடியில் ஆழ்குண்டுகள். கப்பலின் இரண்டு பக்கமும் விழும்படி ஒரு வரிசையாக விட வேண்டும். ஆழம் கம்மியாக, சுமார் 25 அடியில் வெடிக்கும்படி வைத்திருப்பார்கள். நீர்மூழ்கி மேலே இருக்கும்போதோ அப்போதுதான் முங்கும்போதோ தாக்குவதால், ஆழத்தில் வெடித்தால் பயனில்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் குண்டு விடுபடும் இடத்தில். 1944 ஜூலை 17 அன்று பிரிட்டனின் 210ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த ஜான் குரூக்ஷாங்க் நார்வேக் கடலில் முதல் முறை பாய்ந்தபோது குண்டுகள் கழலவே இல்லை. எதிரி விழித்துக்கொண்ட பிறகு அதே பாதையில் இரண்டாம் முறை போனார். நீர்மூழ்கி அழிந்தது, நேவிகேட்டர் இறந்தார், குரூக்ஷாங்கின் உடலில் 72 காயங்கள். ஷெட்லண்ட் வரை ஐந்தரை மணி நேரம் பறந்து திரும்பினார்கள்.

அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூன் 24இல், கனடாவின் 162ஆவது படைப்பிரிவு. ஐஸ்லாந்தைத் தளமாகக் கொண்டது, அப்போது ஒரு பகுதி ஸ்காட்லாந்தின் விக்கில் இருந்தது. டேவிட் ஹார்னெல் ஓட்டிய கான்சோ தீப்பற்றி எரியும்போதே யு-1225 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. வலப்பக்க இன்ஜின் கழன்று விழுந்தது. கடலில் இறங்கினால், எட்டுப் பேருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சிறு ரப்பர் படகு. முறைபோட்டுக் குளிர்நீரில் தொங்கினார்கள். நார்வே நாட்டவரின் 333ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த கேட்டலினா ஒன்று அவர்களைக் கண்டுபிடித்து, மீட்புப் படகு வரும்வரை மணிக்கணக்கில் மேலேயே வட்டமிட்டது. அலை அவ்வளவு பெரியது, இறங்க வழியில்லை. 21 மணி நேரம் கழித்து மீட்பு. இரண்டு பேர் நீரிலேயே இறந்தார்கள், ஹார்னெல் மீட்கப்பட்ட சிறிது நேரத்தில். குரூக்ஷாங்க், ஹார்னெல் இருவருக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை. ஹார்னெலுக்கு இறந்த பின்.

சேலம் வாசகர்: ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலைக் கண்டுபிடித்தது அமெரிக்க விமானி என்கிறார்களே, அப்போது அமெரிக்கா போரிலேயே இல்லையே?

1941 மே 26. விமானம் பிரிட்டனின் 209ஆவது படைப்பிரிவுடையது, வட அயர்லாந்தின் லாக் எர்ன் ஏரியிலிருந்து கிளம்பியது. தலைமை விமானி டென்னிஸ் பிரிக்ஸ், பிரிட்டிஷ்காரர். புதிய விமானத்தைக் கற்றுக்கொடுக்க வந்திருந்த அமெரிக்கக் கடற்படையின் லியனார்ட் ஸ்மித் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தார். நடுநிலை நாட்டின் ஆள் என்பதால் இது அன்று வெளியே சொல்லப்படவில்லை.

தூத்துக்குடி வாசகர்: நான் மாதிரி விமானம் செய்கிறவன். தண்ணீரில் இதை எப்படித் திருப்புவார்கள், நிறுத்துவார்கள்? பிரேக் எங்கே?

பிரேக் இல்லை தம்பி, நீருக்குள் சுக்கானும் இல்லை. இரண்டு இன்ஜினின் வேகத்தை மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். அதற்கும் அடங்காதபோது, பின்பக்கக் கண்ணாடிக் குமிழிகளைத் திறந்து இரண்டு பக்கமும் துணிப்பை போன்ற இழுவை நங்கூரங்களை வீசுவார்கள். உங்கள் மாதிரியில் குமிழி திறந்திருந்தால் உள்ளே சுருட்டிய கயிறும் அந்தப் பையும் வையுங்கள்.

இன்னும் சில. இறக்கையில் ஃபிளாப் (இறங்கும்போது கீழே சாயும் பின்விளிம்புத் தகடு) கிடையாது, கோடு போடாதீர்கள். முனை மிதவைகள் மின்சாரத்தால் மேலே மடங்கி இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். பறக்கும் நிலையில் தொங்கவிட்டால் தவறு. அதை இயக்குகிற இன்ஜினியர் உட்காருவது விமானியின் அருகில் இல்லை, இறக்கையைத் தாங்கும் தூணுக்குள். விமானி விளக்குச் சைகையால் "மிதவையை ஏற்று" என்று சொல்ல, அவர் ஏற்றுவார்.

கண்ணாடி போல அசையாத தண்ணீர்தான் மோசம். ஏறும்போது அடிப்பாகம் ஒட்டிக்கொண்டு விடாது. படகை ஓடவிட்டு அலை எழுப்புவார்கள். இறங்கும்போது உயரமே தெரியாது. மூக்கைச் சற்றுத் தூக்கி, நிமிடத்துக்கு 200 அடி என்று நிதானமாக இறக்கி, தண்ணீர் தொடும்வரை அப்படியே பிடிக்க வேண்டும். கடல் கொந்தளிப்பில் இறங்கினால் ரிவெட்டுகள் தெறிக்கும். அந்த ஓட்டைகளில் பென்சிலைச் செருகி அடைத்துவிட்டுப் பம்பு அடிப்பார்கள்.

யாழ்ப்பாண வாசகர்: டச்சுக்காரரின் கேட்டலினாக்கள் இலங்கைக்கு எப்படி வந்தவை?

டச்சுக் கடற்படை கிழக்கிந்தியத் தீவுகளுக்காக (இன்றைய இந்தோனேசியா) 36 விமானங்களை வாங்கியிருந்தது. ஜாவா விழுந்தபோது தப்பியவற்றில் சில ஆஸ்திரேலியாவுக்கும் சில இலங்கைக்கும் பறந்தன. ஆஸ்திரேலியா போனவற்றில் பல, 1942 மார்ச் 3 அன்று புரூம் துறைமுகத்தில் அகதிகளோடு நங்கூரமிட்டிருந்தபோது ஜீரோக்களால் எரிக்கப்பட்டன. இலங்கை வந்தவற்றைக் கொண்டு அதே ஆண்டு ஆகஸ்டில் திருகோணமலையின் சீனன்குடாவில் 321ஆவது படைப்பிரிவு அமைந்தது.

சிட்னி வாசகர்: ஆஸ்திரேலியப் படை இதைக் கடற்கண்ணி போடத்தான் அதிகம் பயன்படுத்தியதாமே?

ஆமாம், இரவில். கரையில் அடையாளம் தெரிகிற ஒரு முனையைப் பிடித்து, அங்கிருந்து ஒரே வேகத்தில், ஒரே திசையில், கடிகாரம் பார்த்து ஓடி, சில நூறு அடி உயரத்தில் கண்ணியை விடுவார்கள். வேகம் குறைவு என்பது இங்கே அனுகூலம்: நொடிக் கணக்கு பிசகாது. 1944 டிசம்பர் 14 இரவு மணிலா விரிகுடாவுக்கு 24 விமானங்கள் போயின, ஒன்று திரும்பவில்லை.

புதுச்சேரி வாசகர்: பழைய படத்தில் சக்கர வகையா, படகு வகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இறக்கைக்கு நேர் கீழே, உடலின் பக்கவாட்டைப் பாருங்கள். 5ஏ என்றால் மடங்கிய சக்கரம் வட்டமாக வெளியே தெரியும். படகு வகையில் அந்த இடம் வழவழப்பாக இருக்கும். பக்கவாட்டு மறைந்திருந்தால் மூக்கின் அடியில் முன்சக்கரக் கதவின் கோடுகளைத் தேடுங்கள். அந்தக் கதவுதான் இந்த வகையின் பலவீனமான இடம். நீரில் இறங்கும்போது அது உடைந்தால் மூக்கு வழியாக வெள்ளம் ஏறிவிடும். முன்சக்கரத்தை மடக்க மறந்து நீரில் இறங்கினால் விமானம் தலைகுப்புறக் கவிழும். படத்தில் விமானம் தரையில் நின்றால் மட்டும் 5ஏ என்று முடிவு கட்ட வேண்டாம், கரையேற்றுச் சக்கரம் மாட்டியிருக்கலாம். மூக்கின் அடியில் ஒற்றைச் சக்கரம் நின்றால் 5ஏ. வாலுக்கு அடியில் நின்றால் படகு வகை.