புதிதாக வரும் கிறிஸ்தவ நூல்களைத் தமிழ் வாசகர்கள் எப்படி ஏற்கிறார்கள்? அண்மையில் நீங்கள் படித்தது எது?

காரைக்குடியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் புத்தக அலமாரி எட்டு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் திறந்து வைப்பேன். எது இரண்டே நாளில் திரும்பி வருகிறது, எது மூன்று வீடு சுற்றிவிட்டு மூலை மடங்கி வருகிறது என்றெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது புத்தகத்தின் தமிழைத்தான்.

புதிய வரவில் மொழிபெயர்ப்புகள்தான் அதிகம். அவை எங்கே இடறுகின்றன என்பதை ஒரே வசனத்தில் காட்டலாம், 1 கொரிந்தியர் 13:13. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே போன்ற கத்தோலிக்கரல்லாத சபையார் வாசிக்கும் பழைய வேதாகமத்தில் அது ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’. நாங்கள் பூசையில் வாசிக்கும் 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. அவர்களுக்கு இரண்டாவதாக வரும் சொல்லே எங்களுக்கு முதலாவது! சபையார் தமிழில் வந்த ஒரு தியான நூலில் ‘நம்பிக்கையற்றவர்களுக்கு’ என்று ஓர் அத்தியாயம் இருந்தது. மனம் சோர்ந்து கிடப்பவர்களுக்கு ஆறுதலாக எழுதிய பக்கங்கள். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அதை வாசித்தபோது, கணவரை இழந்து ஆறு மாதமே ஆன ஒரு அக்கா, “நான் சாமிய விட்டுடலையே டீச்சர், என்னைப் போய் நம்பிக்கை இல்லாதவங்கிறாங்களே” என்று அழுதுவிட்டார். எங்கள் காதில் அந்தச் சொல் கடவுளை மறுத்தவர் என்றுதான் விழும். அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் கையில் கொடுப்பதற்கு முன் நான் ஒருமுறை படித்துவிடுகிறேன். மொழிபெயர்ப்பவர்கள் இரண்டு பக்கத்து வாசகரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

புதியதைக் கேட்டீர்கள், ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் நோட்டில் அதிக முறை வரும் பெயர் இன்றைக்கும் ‘இயேசு காவியம்’தான். கண்ணதாசன் எங்களுக்குப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதியவர், கடைசிக் காலத்தில் இதையும் எழுதிவிட்டு 1981-இல் மறைந்தார். திருச்சி கலைக்காவிரி வெளியிட்டது. கோயிலுக்கே வராதவர்களும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். வாய்விட்டுப் படிக்க வருகிற தமிழ் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

புனித தேவசகாயம் நூல்களையும் சொல்ல வேண்டும். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். அதையொட்டி எங்கள் அலமாரிக்கு ஏழெட்டுச் சிறு நூல்கள் வந்தன. அற்புதங்களை மட்டும் அடுக்கியவை சீக்கிரமே திரும்பிவிட்டன. நட்டாலத்தில் பிறந்து அரண்மனை வேலை பார்த்த மனிதர், கிறிஸ்தவரானதற்காக எருமைமேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக அவமானப்பட்டு, 1752-இல் காற்றாடி மலையில் சுடப்பட்டதை நிதானமாகச் சொன்ன ஒரு நூல் மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கிறது. ஓரியூர்ச் செம்மண்ணை வீட்டில் வைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1693-இல் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே வெட்டுப்பட்ட கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு இந்த மாதிரிக் கதை புரிவதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

சரி, அண்மையில் நான் படித்தது திருத்தந்தை பிரான்சிஸின் தன்வரலாறு. அவர் இறந்த பிறகு வெளியிடலாம் என்றுதான் முதலில் இருந்ததாம். திருச்சபை புனித ஆண்டாகக் கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டை ஒட்டி ஜனவரியிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஏப்ரல் 21-இல் அவரும் போய்விட்டார். மகள் அனுப்பிய ஆங்கிலப் பிரதி. பிற்பகுதியில் அவர் உரைகளில் கேட்டதே திரும்பத் திரும்ப வருவதால் எனக்குக் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் தொடக்கம்! அவருடைய தாத்தா, பாட்டி, அப்பா மூவரும் இத்தாலியிலிருந்து அர்ஜென்டினா போக ஒரு கப்பலுக்குச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். இருப்பதை விற்றுக் காசாக்க நேரமாகிவிட்டதால் ஏற முடியவில்லை. 1927 அக்டோபரில் அந்தக் கப்பல் பிரேசில் கரையருகே மூழ்கி முந்நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இவர்கள் 1929-இல் வேறு கப்பலில் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தப் பகுதியை மட்டும் எனக்குத் தெரிந்த தமிழில் ஒரு நோட்டில் எழுதி அன்பியத்தில் வாசித்தேன். இருபது நிமிடம் யாரும் அசையவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எப்படியோ சேதி போய், மறுநாள் சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்து மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். கப்பல் மூழ்கிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

“எங்க அப்பச்சியும் ரெங்கோன்ல கடை வச்சிருந்தாக டீச்சர். ஜப்பான்காரன் வந்தப்ப கப்பல் கிடைக்காம காட்டு வழியா நடந்தே வந்தாக. கூட வந்த பங்காளி வழியிலயே போயிட்டாக.”

அதன் பிறகு அன்றைக்கு நான் வாசிக்கவில்லை. இருட்டும்வரை ஆச்சிதான் பேசினார்கள். நோட்டில் அந்த இடத்தில் ஒரு காகிதம் செருகி வைத்திருக்கிறேன்; வருகிற வெள்ளிக்கிழமை அங்கிருந்து வாசிக்க வேண்டும்.