கடைக்குள் மெஷின் யார் சொல்லி வருகிறது? – கேள்வி பதில்

டெல்டா பக்கத்துச் சிறு கடைகளுக்கு வரிக்கணக்கு பார்ப்பவன் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும்:

கும்பகோணம், பாத்திரக்கடை: பில்லிங் சாப்ட்வேர் போட்டால் வியாபாரம் கூடும் என்கிறார்கள். உண்மையா சார்?

கூடாது. இருக்கிற ஆள் போகாமல் இருப்பார், அவ்வளவுதான். உங்களிடம் மொத்தமாக வாங்கும் கடைக்காரருக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால், அந்த பில்லை நீங்கள் ஜிஎஸ்டிஆர்-1ல், அதாவது அரசுக்குக் கொடுக்கும் விற்பனைக் கணக்கில், காட்டினால்தான் அவர் கொடுத்த வரியை அவரால் கழித்துக்கொள்ள முடியும். ஒரு மாதம் விட்டுப்போனால் போன் வரும். அடுத்த மாதமும் விட்டால் ஆளே வர மாட்டார். 2017 ஜூலைக்குப் பிறகு நான் பார்த்த கடைகளில் கணினி நுழைந்தது இந்த வழியாகத்தான். சில்லறை மட்டும் என்றால் உங்களுக்கு அவசரமே இல்லை.

மன்னார்குடி, உரக்கடை: உர விற்பனையைப் பதிவு செய்யும் மெஷின் எனக்குக் கட்டாயத்தில் வந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளலாமா அண்ணே?

மானிய உரம் மெஷினில் பதிவாகி விற்றால்தான் கம்பெனிக்கு மானியம் போகும். 2018லிருந்து நாடு முழுக்க அதுதான் நடைமுறை, உங்கள் இஷ்டத்துக்கு விடவில்லை. ஆனால் இப்படி வருவது அந்த அளவோடு நின்றுவிடுகிறது. யூரியா, டிஏபிக்கு ஆதாரும் கைரேகையும். பக்கத்திலேயே பூச்சிமருந்துக்குத் துண்டுச்சீட்டு!

உங்களை உண்மையில் அதைத் தாண்டித் தள்ளப்போவது வேறொன்று. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் நேராக விவசாயியின் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதை எடுக்க அவர் ஏடிஎம்முக்கு அலைய வேண்டும், அல்லது திண்ணையில் உட்கார்ந்தபடியே போனில் அனுப்பலாம். பணம் வந்த வாரத்தில் நான்கு பேருக்குப் பாக்கி தர வேண்டியிருக்கும். க்யூஆர் அட்டை வைத்திருப்பவருக்குத்தான் முதலில் போகும்.

திருவாரூர், டீக்கடை: யூபிஐயில் வாங்கினால் வரிக்காரர் வருவாராமே?

ரொக்கமோ போனோ, விற்றுமுதல் விற்றுமுதல்தான். டீக்கடை சேவைக் கணக்கில் வரும், ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வருமான வரியில் உத்தேச லாபக் கணக்கு காட்டினால், ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம் லாபம் என்று எடுப்பார்கள், வங்கி வழி வந்ததற்கு 6தான். பயந்துகொண்டு அட்டையைக் கழற்றினால் உங்களுக்குத்தான் நட்டம்.

நாச்சியார்கோயில், விளக்குப் பட்டறை: இணையக் கடை திறக்கலாமா?

குத்துவிளக்கின் எடைக்குக் கூரியர் கட்டணம், திருப்பி அனுப்பினால் மறுபடியும் ஒரு கட்டணம். முதலில் வாட்ஸ்அப்பில் படம், எடை, விலை மூன்றையும் போடுங்கள். வெளியூரிலிருந்து கேட்டு வருபவர் எண்ணிக்கை கூடிய பிறகு யோசிக்கலாம்.

திருவையாறு, மளிகை: அப்பா கடன் நோட்டை விடமாட்டேன் என்கிறார்.

விடச் சொல்லாதீர்கள். யாரிடம் இப்போது கேட்கலாம், யாரிடம் சம்பா அறுவடை முடிந்துதான் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நோட்டைப் புரட்டும்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும். எந்தச் செயலியிலும் அதற்குக் கட்டம் கிடையாது. சரக்கு இருப்பை மட்டும் நீங்கள் போனில் ஏற்றுங்கள். யூபிஐயில் வந்த பாக்கியை ராத்திரி கடை கட்டும்போது வாசித்துக் காட்டினால் அவரே நோட்டில் அடித்துவிடுவார்.