நியூமோனியா ஊசி: மாமா மறுக்கிறார்

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. மழை தொடங்கினால் லயத்து விறகுப் புகையில் ஒரே இருமல். நியூமோனியா ஊசி பற்றிப் பேசினால், "கொரோனாவுக்கே போட்டாச்சு, போதும்" என்கிறார்.
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: கொரோனா ஊசி கொரோனாவுக்கு மட்டும்தான், தங்கச்சி. நியூமோனியா ஊசி நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு. எல்லா நியூமோனியாவையும் தடுக்காது. அந்தக் கிருமி இரத்தத்தில் பரவி ஆளையே சாய்ப்பதை நன்றாகக் குறைக்கும். சீனியும் வயதும் சேர்ந்த மாமாவுக்குப் போடத்தான் சொல்வேன். அமெரிக்காவில் 2024இல் இதற்கான வயதை 65இலிருந்து 50ஆகக் குறைத்துவிட்டார்கள். இந்தக் கிருமியின் 20 வகைகளுக்கான ஊசி என்றால் ஒரு தடவை போதும். ஃப்ளூ ஊசி வேறு, அது வருடா வருடம்.

விலை கொஞ்சம் கூடத்தான். முதலில் கிளினிக் கொப்பியோடு டாக்டரைப் பாருங்கள். கை ஓரிரு நாள் வலிக்கும் என்று மாமாவிடம் முன்பே சொல்லுங்கள், இல்லாவிட்டால் லயம் முழுக்கக் கதை பரவும்!

அப்புறம், வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நியூமோனியா வரும். திடீரென்று பேச்சுத் தடுமாறினாலோ மூச்சு வேகமானாலோ காலைவரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.