மேய்க்கால் புறம்போக்கு: கேட்டதும் சொன்னதும்

ஊர் ஆடு மாடு மேயும் பொது நிலமான மேய்க்கால் பற்றிக் கடலூர் மாவட்டத்து ஆடு மாடு வளர்ப்பவர்கள் கேட்டவற்றுக்கு, விருத்தாசலம் பக்கம் நாற்பது வருடமாக மாடு வைத்திருக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

திட்டக்குடியிலிருந்து: ஐப்பசி மழைக்குப் பச்சை கட்டும் எங்கள் மேய்க்கால் தைக்குள் மொட்டையாகிவிடுகிறது. மாடு அதிகமா ஐயா?

மாட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள் தம்பி. முதல் மழை பெய்த மறுவாரமே ஓட்டிவிடுகிறோமே, அங்கேதான் தப்பு. அந்தத் தளிர் வேரில் இருக்கும் சேமிப்பைத் தின்று வளர்வது. இலை விரியும் முன் கடிபட்டால் வேர் இளைக்கும். நாலைந்து வருடம் இப்படியே போனால் கொழுக்கட்டைப்புல் மறைந்து, மாடு தொடாத ஆவாரையும் எருக்கும்தான் மிஞ்சும். குனிந்து ஒரு பிடி புல்லை மாடு கடிப்பதுபோல வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். நுனி மட்டும் அறுந்தால் மாட்டை விடலாம். வேரும் மண்ணுமாகக் கையோடு வந்தால் பொறுக்க வேண்டும். நான் ஒரு சாண் வளர்ந்ததும் விடுவேன், நாலு விரல் நிற்கும்போதே ஓட்டிவந்துவிடுவேன். மேய்க்கிறவர்கள் கூடிப் பேசி ஓடை, பனைவரிசை என்று எல்லை வைத்து நிலத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் வேலிகூட வேண்டாம். கடைசியாகத் திறக்கும் பாகம் வருடாவருடம் மாறட்டும். அங்கே புல் விதை உதிர்க்கும்.

பண்ருட்டி: வேலிக்காத்தானை, அதாவது சீமைக் கருவேலத்தை, இரண்டு முறை வெட்டியாயிற்று, மறுபடி தழைக்கிறதே?

வெட்டினால் தழைக்கத்தான் செய்யும். மண் ஈரமாக இருக்கும்போது தூரோடு பெயர்க்க வேண்டும். அதோடு தீராது. பழுத்த காயைத் தின்ற மாடுகளை ஒரு சித்திரையில் சுத்தம் செய்த இடத்திலேயே கட்டிவைத்தேன். மழை விழுந்ததும் சாணி கிடந்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாகக் கன்று! பெயர்த்த இடத்தில் உடனே கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசால் என்கிற தீவனச் செடியும் விதையுங்கள்.

காட்டுமன்னார்கோவில்: ராமநாதபுரத்துக் கிடை ஆடுகள் வந்தால் எங்கள் மாட்டுக்கு என்ன மிஞ்சும் அண்ணா?

உளுந்து பறித்த பிறகு வரச்சொல்லி, கிடை போடும் ஆட்டுக்காரர்களான கீதாரிகளிடம் முன்பே பேசிவிடுங்கள். புழுக்கை வயலுக்கு லாபம்.

இன்னொருவர்: புதுப்புல் மேய்ந்த ஆடு துள்ளி விழுந்து சாகிறது.

துள்ளுமாரி நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றோடு பச்சையில் விடாதீர்கள்.

மற்றொருவர்: மாடு கூடும் பொது இடமான மந்தைவெளியை வளைத்துப் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் ஊர் நிலங்களின் விவரம் உள்ள கிராம 'அ' பதிவேட்டில் சர்வே எண்ணையும் வகைப்பாட்டையும் பாருங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தாரிடம் மனு கொடுங்கள். ஊர்ப் பொது நிலங்களை மீட்கச் சொன்ன 2011 ஜக்பால் சிங் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் மனுவில் குறிப்பிடுங்கள். அப்புறம், எல்லைக்கல் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் அளக்க வந்தவர்கள் கல்லைக் காணோம் என்று இரண்டு முறை திரும்பிப் போனார்கள்.