நொகோடசோல் போட்டும் அல்புமின் நிற்கவில்லையா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ் பிடித்து கோவை லேபுக்கு வரும் மாணவி ஒருவர் கேட்கிறார்: "ஹெப்ஜி2 கல்லீரல் செல்லில் நொகோடசோல் போட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். கல்லீரல் செல் ரத்தத்துக்கு விடும் அல்புமின் புரதத்தின் சுரப்பே நிற்கும் என்று பார்த்தால், எலைசாவில் (ஆன்டிபாடி வைத்துப் புரதத்தை அளக்கும் சோதனை) பாதிதான் குறைந்திருக்கிறது. மருந்து கெட்டுவிட்டதா? கோல்கிசினுக்கு மாறலாமா?"

மருந்து மேல் பழி போடாதீர்கள். நொகோடசோல் கலைப்பது மைக்ரோடியூபூலை, அதாவது செல்லுக்குள் சரக்கு ஓடும் ரோடான நுண்குழாய்களை. வாளையாரில் ரோட்டை அடைத்தால் லாரிகள் வேலந்தாவளம், கோபாலபுரம் என்று சுற்றி எப்படியோ வந்து சேரும், நேரம்தான் ஆகும், உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லவா வேண்டும்? செல்லிலும் அதே கதை. மைக்ரோடியூபூல் கலைந்ததும், கருவுக்குப் பக்கத்தில் கூட்டமாக இருந்த, புரதத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பும் கோல்கி சின்னச் சின்ன அடுக்குகளாகச் சிதறி, புரதம் தான் உருவான எண்டோபிளாச வலையை விட்டுக் கிளம்பும் வாசல்களிலேயே போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து ரத்தப் பக்கத்துச் சவ்வுக்குப் பல பொட்டலங்கள் ரோடு இல்லாமலே போய்ச் சேரும். அல்புமின் தாமதமாகும், கொஞ்சம் உள்ளே தேங்கும், அவ்வளவுதான். மீடியத்தோடு (செல் வளரும் திரவம்) செல்லுக்குள் இருப்பதையும் அளந்தால் தேக்கம் தெரியும்.

பெரிய அடி விழுவது பித்தப் பக்கத்துக்குப் போக வேண்டிய சவ்வுப் புரதங்களுக்கு. கல்லீரல் செல்லில் இவற்றில் பலவும் முதலில் ரத்தப் பக்கம் இறங்கி, மறுபடி உள்ளிழுக்கப்பட்டு, செல்லைக் குறுக்கே கடந்துதான் பித்த நுண்கால்வாயை அடையும். அந்த நீளப் பயணத்துக்குச் சுற்றுவழி சரிப்படாது.

ராத்திரி முழுக்க வைத்ததுதான் தப்பு. ஹெப்ஜி2 பெருகும் செல், அத்தனை மணி நேரம் நொகோடசோலில் கிடந்தால் பல செல்கள் பிரிவின் நடுவே உருண்டு நின்றுவிடும், அந்த நிலையில் சுரப்பு தானாகவே படுத்துவிடும் என்பதால் உங்கள் பாதியில் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. அரை மணி ஐஸில் வைத்து, அப்புறம் 10 மைக்ரோமோலார் மருந்தோடு 37 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம், போதும். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட ஒப்பீட்டுச் செல்லும் ஐஸில் இருந்திருக்க வேண்டும். சீரம் வேண்டாம், மாட்டு அல்புமினை உங்கள் ஆன்டிபாடி பிடித்தால் எல்லாம் வீண். மைக்ரோடியூபூலைக் கட்டும் புரதமான டியூபுலினுக்குச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் எலைசாவை நம்பாதீர்கள், அசிடைல் ஏறிய பழைய குழாய்கள் லேசில் கலையாது.

கோல்கிசினும் மைக்ரோடியூபூலைக் கலைப்பதுதான், நம்ம செங்காந்தளில் இருப்பதுதான், ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்கள். ஆனால் டியூபுலினைப் பிடித்தால் லேசில் விடாது. நொகோடசோலைக் கழுவினால் சில நிமிடத்தில் குழாய்கள் திரும்ப முளைக்கும். கழுவிய பிறகு அல்புமின் பழைய வேகத்துக்கு வருகிறதா என்று பாருங்கள், உங்கள் கைடு முதலில் கேட்கப்போவது அதைத்தான்.