வெறும் கிண்ணம்

ஐயா, சென்னையை விட்டுப் பேராவூரணிப் பக்கம் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு அம்மா தினமும் ஒரு கிண்ணத்தில் குழம்போ பொரியலோ கொண்டுவந்து தருகிறார். நான் யாரிடமும் கடன் வைப்பதில்லை. அன்றைக்கே கிண்ணத்தைக் கழுவி, ஒரு பெட்டி இனிப்போடு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று என் மனைவியிடம் கேட்கிறார். இது அன்பா, வேவு பார்ப்பதா? கிராமத்து மனிதர்களைப் புரிந்துகொள்ள ஒரு புத்தகம் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புத்தகமெல்லாம் வேண்டாம். குழந்தைக் கேள்வியை அவர் முகத்துக்கு நேராகவே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நாள் முறைத்துக்கொள்வார், மூன்றாம் நாள் கிண்ணம் வந்துவிடும். எனக்கு உறுத்தியது வேறு. கடன் வைப்பதில்லையாம்! அதில் என்ன பெருமை உங்களுக்கு?

நீங்கள் குடியிருப்பது மொய் விருந்துச் சீமை. ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு என்று ஊர் ஊராகப் பந்தல் போட்டுவிடுவார்கள். கறிச்சோறு ஒரு பக்கம், நோட்டோடு மொய் எழுதுகிறவர்கள் மறுபக்கம். வந்த பணத்தில் ஒருவர் போர்வெல் போடுவார், ஒருவர் மகளைக் கல்லூரியில் சேர்ப்பார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. திருப்பிச் செய்யும்போது வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் போடுவார்கள். வாங்கிய தொகையை மட்டும் அப்படியே வைத்தால், இத்தோடு உறவு போதும் என்று கணக்கை முடித்துக்கொள்வதாக அர்த்தம். நீங்கள் இனிப்புப் பெட்டியை வைத்து அதைத்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்த அம்மா பொறுமைசாலி, தினமும் புதுக் கணக்கு தொடங்குகிறார்.

(அந்தக் கிண்ணம் ஊரின் எல்லாத் தெருவுக்கும் போகிறதா என்று ஒருநாள் கவனியுங்கள். போகாது. உங்களிடம் முதல் வாரமே சொந்த ஊர் எது என்று விசாரித்திருப்பார்களே, அது ஊரைத் தெரிந்துகொள்ள அல்ல. கிராமத்து அன்பு என்று உருகி எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.)

நானும் உங்களைப் போல இருந்தவன்தான். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஓர் ஊரில் வாடகைக்கு இருந்தேன். இரண்டு வருடம் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், அவ்வளவுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. எதிர் வீட்டுக் கூரை பறந்துவிட்டது. அந்த அக்கா, புருஷன், மாமியார், மூன்று பிள்ளைகள், ஓர் ஆட்டுக்குட்டி எல்லோரும் என் கூடத்தில். விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு முழுக்க ஒரே திசையில் படுத்துக் கிடக்கிறது. அக்காவின் மாமியார் அழவில்லை. விழுந்த மரங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

மின்சாரம் வாரக்கணக்கில் இல்லை. மோட்டார் ஓடாது, மிக்ஸி ஓடாது. அக்கா என்னைக் கேட்காமலே என் சமையலறைக்குள் போனார். எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு நடந்தார். எனக்குச் சுருக்கென்றது, என் பொருள் அல்லவா! திரும்பி வந்து அரைவாளித் தண்ணீரை என் பானையில் ஊற்றிவிட்டு, அரிசி எங்கே இருக்கிறது தம்பி என்று கேட்டார். அன்றுவரை அவர் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

நாளைக்கு இனிப்பு வாங்காதீர்கள். கிண்ணம் நாலு நாள் உங்கள் வீட்டிலேயே கிடக்கட்டும். அப்புறம் உங்கள் வீட்டு ரசமோ துவையலோ எதையாவது அதில் போட்டுக் கொடுங்கள். உப்புக் கூடியிருந்தாலும் பரவாயில்லை, திட்டட்டும்.

அந்த ஊரைவிட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. தூக்குவாளி இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. அவருடைய மோர் மத்து என்னிடம்.